‘மில்க்’ படத்தைக் கொழும்பில் தமிழ் வரிகளோடு திரையிடுவது எப்படி

ஹார்வி மில்க் 1977 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநகர சபைக்குத் தெரிவானார். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமலே வாக்குக் கேட்டு வென்றார். பதவியில் பதினொரு மாதம்கூட நிறையவில்லை. 1978 நவம்பர் 27 அன்று அவரையும் மேயர் ஜோர்ஜ் மொஸ்கோனியையும், சபையிலிருந்து சற்று முன்பு விலகியிருந்த டான் வைட் நகர மண்டபத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். கஸ் வான் சான்ட் இயக்கி, ஷோன் பென் மில்க்காக நடித்து 2008இல் வந்த ‘மில்க்’ இந்தக் கதையைத்தான் சொல்கிறது. ஓடும் நேரம் 128 நிமிடம். சிறந்த நடிகர், சிறந்த மூலத் திரைக்கதை என்று இரண்டு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன.

கொழும்பில் பலருக்கு ஆங்கிலம் விளங்கும், அப்படியே போட்டால் என்ன என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் கேட்கும் வசைச்சொல் வேறு யாரோ வேறு யாரையோ ஏசியதாகவே காதில் விழும். அதே சொல் திரையின் அடியில் தமிழில் வந்தால், பள்ளிக்கூட வாசலில் கேட்டது, கல்யாண வீட்டில் கேட்டது எல்லாம் நினைவுக்கு வரும். அதனால் மண்டபத்தையும் மெஷினையும்விட எழுத்து வரிகளுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். இரண்டு பேர் பிரித்துக்கொண்டு செய்தாலும் மூன்று வார இறுதிகள் பிடிக்கும்.

முதலில் அனுமதி

கடையில் வாங்கிய டிவிடி வீட்டில் பார்ப்பதற்குத்தான். மண்டபத்தில் பலருக்குக் காட்டுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் உரிமையாளரின் அனுமதி வேண்டிய காரியம். அமெரிக்காவில் படத்தை வெளியிட்டது போகஸ் ஃபீச்சர்ஸ். காசு வாங்காத, ஒருமுறை மட்டும் நடக்கும் காட்சி என்று குறிப்பிட்டு, இடம், திகதி, ஆட்களின் எண்ணிக்கை, தமிழ் வரிகள் சேர்க்கும் எண்ணம் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். இந்த வேலையைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

பொதுமக்களை அழைத்து டிக்கெட் போடுவதென்றால் 1912ஆம் ஆண்டின் பகிரங்கக் காட்சிகள் கட்டளைச் சட்டமும் தணிக்கைச் சபையும் குறுக்கே வரும். தெரிந்தவர்களை மட்டும் அழைத்து, இருபது இருபத்தைந்து பேரோடு நடத்தும் காட்சியே முதல்முறைக்குச் சரி. எப்படியானாலும் ஒரு சட்டத்தரணியிடம் ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.

ஒரே பாலினத்தவருக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ என்ற இரண்டு பிரிவுகளைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். 1883இல் பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில் இருப்பவை அவை. 365இன் கீழ் 10 ஆண்டு வரையும், 365அ கீழ் 2 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். 1995இல் நடந்த திருத்தத்தால் பெண்களும் 365அவுக்குள் வந்தார்கள். இந்தப் பிரிவுகளை மாற்றுவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மேயில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தப் பிரிவுகள் பேசுவது செயலைப் பற்றி. படம் பார்ப்பதும் பேசுவதும் அவற்றுக்குள் வராது. ஆனாலும் வருகிறவர்களுக்குப் பயம் இருக்கும். அந்தப் பயத்தை மதித்துத்தான் அழைப்பையும் அமைக்க வேண்டும்.

எழுத்து வரிகள்: சொல் தெரிவு

மொழிபெயர்ப்பைத் தொடங்குமுன் ஒரு தாளில் பத்துச் சொற்களை எழுதி, அவற்றுக்கான தமிழை முடிவு செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் பாதியில் ஒரு சொல்லும் இரண்டாம் பாதியில் வேறு சொல்லும் வந்து, பார்ப்பவர் குழம்புவார்.

பத்திரிகைகள் இன்னும் எழுதும் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற சொல்லில் ‘சேர்க்கை’ முன்னுக்கு நிற்கிறது. ஒரு மனிதரின் அன்பு, வீடு, வாழ்க்கை எல்லாம் படுக்கையறைக்குள் சுருங்கிவிடுகிறது. ‘தன்பாலீர்ப்பு’ அப்படிச் செய்வதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் அழுத்தத்தால் தமிழ்நாட்டு அரசு 2022இல் அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. ‘பால்புதுமையர்’ (குயர்) போன்ற சொற்கள் பரவலானதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் படத்தில் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற சொல்லை முற்றாக ஒதுக்க வேண்டாம். தன்பாலீர்ப்பாளர்களை எதிர்த்துப் பிரசாரம் செய்யும் மாநில செனட்டர் ஜோன் பிரிக்ஸின் வாயில் அதையே வையுங்கள். மில்க்கும் நண்பர்களும் பேசும்போது ‘தன்பாலீர்ப்பு’, அல்லது வெறுமனே ‘எங்கட ஆக்கள்’. யார் எந்தச் சொல்லால் அழைக்கிறார் என்பதிலேயே தப்பெண்ணம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

மில்க்கின் பதவிப் பெயரை அகராதி பார்த்து ‘மேற்பார்வையாளர்’ என்று எழுதினால், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றிய படம் என்று நினைப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அது மாநகர சபை உறுப்பினர் பதவி. அப்படியே எழுதுங்கள்.

மிகவும் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. தன்பாலீர்ப்பாளர்கள் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள் என்பது, அவர்களின் உரிமைகளை எதிர்த்துப் பிரசாரம் செய்த பாடகி அனிதா பிரையன்ட் போன்றவர்களின் குற்றச்சாட்டு. மில்க் அந்தக் குற்றச்சாட்டின் வினைச்சொல்லையே எடுத்து, தன் மேடைப்பேச்சின் முதல் வரியாக வைத்துச் சிரிக்க வைத்தார். தமிழில் ‘ஆட்சேர்ப்பு’ என்று போடத் தோன்றும். போடாதீர்கள். இலங்கைத் தமிழருக்கு அந்தச் சொல் போர்க்காலத்தையே கொண்டுவரும். ‘பிள்ளை பிடிக்கிறது’ என்பதும் அப்படித்தான். சிரிக்க வேண்டிய இடத்தில் மண்டபம் இறுகிப்போகும். ‘சேர்’ என்ற வினையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரையன்ட் ஆட்கள் ‘எங்கள் பிள்ளைகளைத் தங்களோடு சேர்க்கிறார்கள்’ என்பார்கள். மில்க்கும் அதே ‘சேர்க்க’ என்ற சொல்லோடு மேடையேற வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே வினை இல்லாவிட்டால் அந்த எள்ளல் செத்துப்போகும்.

‘நம்பிக்கை’ என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் மத நம்பிக்கையும் அதுதான், நாளைக்கு விடியும் என்ற நம்பிக்கையும் அதுதான். மில்க்கின் பேச்சுகளின் உயிரே இரண்டாவது நம்பிக்கை. எனவே எதிர்த்தரப்பு மதத்தை முன்வைத்துப் பேசும் இடங்களில் ‘விசுவாசம்’, ‘வேதம்’, ‘மார்க்கம்’ என்று எழுதி, ‘நம்பிக்கை’யை மில்க்குக்கு மட்டும் மிச்சம் வையுங்கள்.

தன்னைப் பற்றி வெளியே சொல்வதற்கு ஆங்கிலத்தில் அலமாரியோடு சேர்ந்த ஒரு வழக்கு உண்டு. தமிழில் அலமாரி வேண்டாம். ‘வீட்டில சொல்லியாச்சா?’ என்றால் போதும், கொழும்பில் யாருக்கும் விளங்கும். பிரிக்ஸை எதிர்த்த பிரசாரத்தில் மில்க் தன் ஆட்களிடம் கேட்டது இதைத்தான்: உங்களைத் தெரிந்தவர்கள் உங்களுக்கு எதிராக வாக்களிக்கத் தயங்குவார்கள், ஆகவே சொல்லுங்கள்.

வசைச்சொற்களை மென்மையாக்க வேண்டாம். அதற்காக எல்லா இடத்திலும் தெருவசையும் வேண்டாம். ‘ஒன்பது’ போன்ற சொல் இங்கே பெரும்பாலும் திருநங்கைகள் மேல் எறியப்படுவது. அதை இடம் மாற்றிப் போட்டால் படத்தின் பொருள் மாறும். கதையில் வசை கொலைக்கோ அடிதடிக்கோ முன்னால் வரும் இடங்களில் மட்டும் கடுஞ்சொல்லை வையுங்கள். மற்ற இடங்களில் குரலின் தொனியே போதும்.

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதி தமிழில் இருக்கிறது: நீ, நீங்கள். மில்க்கும் அவர் காதலர் ஸ்கொட் ஸ்மித்தும் படிக்கட்டில் முதன்முதலாகச் சந்திக்கும்போது ‘நீங்கள்’, சில வரிகளில் ‘நீ’. இளைஞன் கிளீவ் ஜோன்ஸ் மில்க்கை ‘நீங்கள்’ என்பான். மில்க் அவனை ‘நீ’ என்பார். டான் வைட் சபையில் ‘நீங்கள்’ என்று பேசிவந்தவர், உறவு கசக்கும்போது ‘நீ’க்கு இறங்கலாம். இந்த மாற்றம் எந்தக் காட்சியில் நடக்கிறது என்று தாளில் குறித்துவிட்டே எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மொழிபெயர்ப்பாளரும் இரண்டு விதமாக எழுதிவிடுவார்கள்.

நடை யாழ்ப்பாணப் பேச்சும் வேண்டாம், சென்னைப் பேச்சும் வேண்டாம். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, மலையகத்திலிருந்து வந்தவர்கள், முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள். எளிய எழுத்துத் தமிழே நல்லது. இன்னொன்று: கொழும்பு இளைஞர்களில் பலர் தமிழை நன்றாகப் பேசுவார்கள், ஆனால் படித்தது ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ என்பதால் தமிழ் எழுத்தை மெதுவாகத்தான் வாசிப்பார்கள். ஒரு வரிக்கு 32 எழுத்துக்கு மேல் போகாமல், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் இல்லாமல், இரண்டு வரி வந்தால் 4 வினாடியாவது திரையில் நிற்கும்படி வெட்டுங்கள். எல்லாவற்றையும் மொழிபெயர்க்க முயன்றால் முகங்களைப் பார்க்க நேரம் இருக்காது. மில்க் சமையலறை மேசையில் ஒலிநாடாவில் பதிவுசெய்யும் இடங்களில் இன்னும் குறையுங்கள். அங்கே ஷோன் பென்னின் கண்களை விட்டுவிட்டு யாரும் கீழே பார்க்கக் கூடாது.

கோப்பில் வரும் கோளாறுகள்

‘சப்டைட்டில் எடிட்’ இலவச மென்பொருள், அதுவே போதும். கோப்பை எஸ்ஆர்டி வடிவில், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். வேறு குறியாக்கத்தில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், திருப்பி எடுக்க முடியாது.

வரி படத்தோடு சேராமல் போவதற்கு இரண்டு காரணம். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு பிந்தினால் அது வெறும் நகர்வு. விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகளால் சரிசெய்யலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அது பிரேம் வேகம். லண்டன் உறவுக்காரர் கொண்டுவரும் டிவிடி வினாடிக்கு 25 பிரேமில் ஓடும். டொரொன்டோவிலிருந்து வருவது 23.976ஐ ஒட்டியது. ஒன்றுக்குச் செய்த வரியை மற்றதில் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகிவிடும். லண்டன் பிரதி மொத்தத்தில் 5 நிமிடம் குறைவாக ஓடுவதும் இதனால்தான். காட்சி எதுவும் வெட்டப்படவில்லை. மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றும் கட்டளையில் இரண்டு எண்களையும் கொடுத்தால் சரியாகிவிடும். பிரதேசக் குறியீடும் வேறு வேறு, ஆகவே எந்த பிளேயரில் போடப்போகிறீர்களோ அதிலேயே முன்கூட்டிப் போட்டுப் பாருங்கள்.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பது, எழுத்துக்குப் பதில் கட்டம் வருவது இரண்டும் தொலைக்காட்சியில் பென்டிரைவ் போட்டு ஓட்டும்போது அடிக்கடி நடக்கும். அந்த டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அல்லது அதைக் கோக்கத் தெரியவில்லை. லப்டொப்பில் விஎல்சியின் எழுத்துருவை லதா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றி ஓட்டுங்கள்.

இடமும் கருவியும்

திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்க வேண்டும். தலைகள் மறைப்பது படத்தின் அடிப்பகுதியை, வரிகள் இருப்பதும் அங்கேதான். கதிரைகளை ஒன்றுவிட்டொன்றாக, முன்வரிசைக் கதிரைகளின் இடைவெளிக்கு நேராகப் போடுங்கள். வெள்ளைப் படுக்கைவிரிப்பு தொங்கினால் மின்விசிறிக் காற்றில் எழுத்து அலையும், அதைவிட வெறும் சுவரே நல்லது. மின்விசிறி இரைச்சல் வசனத்தை மூடிவிடும் என்பதால் ஸ்பீக்கர் இரண்டையும் முன்னால், காது உயரத்தில் வையுங்கள். ப்ரொஜெக்டர் வயரின் முனை சதுரமாகவும் சுவரில் உருண்டைத் துளையாகவும் இருப்பது கொழும்பில் வழமை. மாற்றி ஒன்றும் நீட்டிப்பு வயர் ஒன்றும் கொண்டுபோங்கள்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்கள் வர, மூன்றரைக்குப் படம், தேர்தல் வெற்றிக் காட்சி முடிந்ததும் பத்து நிமிட இடைவேளை, ஆறு மணிக்குள் படம் முடிய, ஏழு மணிக்குள் பேச்சும் முடிய வேண்டும். காலி வீதியில் 100, 101 பஸ் அதற்குப் பிறகும் ஓடும். ஆனாலும் வீட்டில் காரணம் சொல்லிவிட்டு வந்த பெண்பிள்ளைகளுக்கு இருட்டிய பிறகு ஒவ்வொரு அரை மணியும் ஒரு கேள்வி. மூன்றரைக்குச் சூரியன் மேற்கு யன்னலில் இருக்கும். கறுப்புத் துணியை முதல்நாளே கட்டுங்கள்.

அழைப்பை ஒருவருக்கொருவர் தனித்தனியாக அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழு தொடங்கினால் யார் யார் வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். படத்தின் பெயரையும் பொருளையும் மறைக்கக் கூடாது. இடத்தை மட்டும் முதல்நாள் மாலை சொல்லலாம். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் என்று போடுங்கள். படத்தில் கடுமொழியும் நெருக்கமான காட்சிகளும் துப்பாக்கிச் சூடும் இருக்கின்றன. மில்க்கின் துணைவர் ஜக் லீரா உயிரை மாய்த்துக்கொள்வதும் வருகிறது. இதைத் தொடங்குமுன் வாயால் சொல்லுங்கள், எழுந்து வெளியே போக வழி விடுங்கள். 1926, 1333 இரண்டு மனநல உதவி இலக்கங்களையும் பெரிதாக எழுதிக் கதவருகே ஒட்டுங்கள்.

ஐந்து நிமிட முன்னுரை

அவர் கொல்லப்படுவதைச் சொல்லிவிடலாம், படமே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. சொல்ல வேண்டியவை இரண்டு. மில்க் 1973, 1975 இரண்டு தரமும் சபைத் தேர்தலில் தோற்றார், 1976இல் மாநிலச் சட்டசபைக்கும் தோற்றார். அப்போது சபைக்கு முழு நகரமும் ஒன்றாக வாக்களித்தது. 1977இல் வட்டாரமுறை வந்தது. தன் கமராக் கடை இருந்த காஸ்ட்ரோ வட்டாரத்தில் நின்று வென்றார். வட்டாரத் தேர்தலைக் கண்ட நம்மவருக்கு இது உடனே பிடிபடும்: தெருவில் தினமும் காண்பவரை வெறுப்பது கஷ்டம்.

மற்றது 1978 நவம்பர் 7 அன்று கலிபோர்னியாவில் நடந்த வாக்கெடுப்பு. தன்பாலீர்ப்பாளர்களை அரச பள்ளிகளில் ஆசிரியர் வேலையிலிருந்து நீக்கக் கேட்டு பிரிக்ஸ் கொண்டுவந்தது அது. இலங்கையில் 1982இல் நடந்த சர்வஜன வாக்கெடுப்பை உதாரணமாகச் சொன்னால் மூத்தவர்களுக்கு விளங்கும். கலிபோர்னியாவில் நூற்றுக்கு 58 பேர் வேண்டாம் என்றார்கள். மில்க் இருபது நாளில் கொல்லப்பட்டார்.

படம் முடிந்த பிறகு

விளக்கைப் போட்டவுடன் ‘என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்காதீர்கள். பிளேன்டீயும் வடையும் கொடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கதிரைகளை வட்டமாகப் போட்டு, கருத்தைக் கேட்காமல் ஒரு பொருளைப் பற்றிக் கேளுங்கள். படத்தின் தொடக்கத்தில் பழைய செய்திப்படத் துண்டுகள் வரும்: மதுச்சாலைகளில் பொலிஸ் புகுந்து ஆண்களைப் பிடிக்கிறது, அவர்கள் கையால் முகத்தை மூடுகிறார்கள். அந்தக் கை எதை மறைத்தது? யாரிடமிருந்து? பொலிஸிடமிருந்தா, அடுத்தநாள் பத்திரிகை வாங்கும் அம்மாவிடமிருந்தா? அல்லது தெருவில் கொல்லப்பட்ட ஒருவரின் விசில். ஆபத்து வந்தால் ஊதுவதற்கென்று கையில் வைத்திருந்தது, இரத்தம் பட்டுத் தரையில் கிடக்கிறது; மில்க்கும் பொலிஸ்காரரும் பேசுவதை அதன் பளபளப்பில்தான் நாம் காண்கிறோம். ஊதியிருந்தால் யார் வந்திருப்பார்கள் என்று கேட்டால் அறை தானாகவே கொழும்புக்கு வந்துவிடும்.

பேச்சு தடம் மாறும் இடங்கள் தெரிந்தவைதான். ‘இது வெள்ளைக்காரர் பிரச்சினை’ என்பார் ஒருவர். வெள்ளைக்காரர் இங்கே விட்டுப்போனது 1883இன் சட்டம் என்று அமைதியாகச் சொல்லுங்கள், வாதத்தை வளர்க்க வேண்டாம்.

அதைவிட ஆபத்தான தடம் ஒன்று. டான் வைட்டும் உள்ளுக்குள் தன்பாலீர்ப்பாளராக இருந்திருக்கலாம் என்று படம் ஓரிடத்தில் ஜாடை காட்டுகிறது. அது ஊகம் மட்டுமே, நிறுவப்பட்ட உண்மையல்ல. ஆனால் அறையில் உடனே பற்றிக்கொள்ளும், ஏனென்றால் அது வசதியானது: கொன்றவனும் அவர்களில் ஒருவன் என்றால் மற்றவர்களுக்குப் பொறுப்பில்லை. பேச்சை வழக்குக்குத் திருப்புங்கள். நகர மண்டபத்துக்குள் இரண்டு பேரைச் சுட்டவருக்கு 1979 மே மாதத்தில் கொலைக்குற்றம் தீர்க்கப்படவில்லை; குறைந்த குற்றம், 7 ஆண்டு 8 மாதம், 1984இல் வெளியே. இனிப்புப் பண்டம் தின்றதால் சுட்டார் என்று வாதாடினார்கள் என்பது பிற்காலத்தில் பரவிய கதை. அவர் மனச்சோர்வில் இருந்ததற்கு அடையாளமாகத்தான் அந்தத் தீனி நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. கேட்க வேண்டிய கேள்வி, முன்னாள் பொலிஸ்காரர் ஒருவரின் மனச்சோர்வை ஜூரி புரிந்துகொண்டது எப்படி என்பது.

தமிழர் அனுபவத்தோடு ஒப்பிடத் தோன்றும், ஒப்பிடலாம். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. ஆளைப் பார்க்காமல் வகையைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று இந்த அறைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு எல்லை வையுங்கள். தமிழராகத் துரத்தப்பட்டவருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. வீட்டிலேயே சொல்ல முடியாதவருக்கு அதுகூட இல்லை. இந்த வேறுபாட்டை நடத்துபவர் சொல்லாவிட்டால் ஒப்பீடு முழுப்பேச்சையும் விழுங்கிவிடும்.

அறையில் யாரையும் பார்த்து ‘நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்குத்தானே தெரியும்’ என்று கேட்கக் கூடாது. அது ஒருவரை எல்லார் முன்னிலும் வெளிப்படுத்திவிடும். பேச விரும்பாதவர் எழுதுவதற்குச் சின்னத் துண்டுகளும் ஒரே நிறப் பேனாக்களும் கொடுங்கள். நடத்துபவரே பெயரில்லாமல் வாசிக்கலாம். இரண்டாவது ஆள் ஒருவர் கதவருகே இருக்கட்டும். எழுந்து போகிறவர் பின்னால் போய், தண்ணீர் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் நிற்பதே அவர் வேலை.

படத்தில் இல்லாதவர்களைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். பிரிக்ஸோடு தொலைக்காட்சி விவாதத்தில் மில்க்குக்குப் பக்கத்தில் இருந்து வாதாடியவர் சாலி கியர்ஹார்ட் என்ற பெண் பேராசிரியர். படத்தில் அவர் வரவில்லை. 1984இல் வந்த ‘த டைம்ஸ் ஒஃப் ஹார்வி மில்க்’ ஆவணப்படத்தில் இருக்கிறார். அடுத்த திரையிடலுக்கு அதை எடுக்கலாம். சொற்பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கும்.

எல்லாரும் போன பிறகு துண்டுகளைக் கிழித்துப் போடுங்கள், வருகைப் பட்டியல் இருந்தால் அதையும். தொலைபேசியில் யாராவது படம் எடுத்திருந்தால் அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள். எஸ்ஆர்டி கோப்பை மட்டும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தி, வாசிக்க முடியாமல் ஓடிய வரிகளை அன்றிரவே திருத்திவிடுங்கள். மறுநாள் எந்த வரி என்று நினைவிருக்காது.